தட்டைப் படிப்பது முதலில், பெயர் வைப்பது அப்புறம்: ஒரு சிடி சேகரிப்பைக் கணினிக்கு மாற்றிய நிகழ்வு ஆய்வு

மயிலாப்பூரில் ஒரு வீடு. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் முப்பது ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த இசை சிடிக்கள் ஆயிரத்துக்கும் மேல் அங்கே இருந்தன. சிடி பிளேயர் பழுதாகிவிட்டது. புதிதாக வாங்கிய லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. மழைக்காலம் வந்தால் அலமாரிக்குள் ஈரம் ஏறுகிறது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள். முதல் நாளே பெரியவர் ஒன்றைச் சொல்லிவிட்டார்: "தம்பி, பாட்டு பத்திரமா இருக்கணும். ஆனா ராகம் பேரு தப்பா வந்தா நான் கேக்க மாட்டேன், பாத்துக்கோ."

"சரி சார், பேரெல்லாம் நீங்க பார்த்து ஓகே சொன்னப்புறம்தான்" என்றேன். அந்தப் பேச்சிலிருந்தேதான் முழு ஏற்பாடும் உருவானது. பெயரைச் சரிபார்க்க ஒரே ஒருவரால்தான் முடியும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். தட்டோ நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே வேலையாகச் செய்யக்கூடாது. தட்டில் உள்ளதையும் உறையில் உள்ளதையும் ஒன்று விடாமல் முதலில் எடுத்துவிட வேண்டும். பெயர் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மொத்தமாகச் சிடி மாற்றும் வேலை பாதியில் நிற்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லா இடத்திலும் காரணம் ஒன்றுதான்: ஒவ்வொரு தட்டையும் போட்டுவிட்டு, உட்கார்ந்து பெயர் தட்டச்சு செய்யத் தொடங்குகிறார்கள்.

அலமாரியில் இருந்தவை

எல்லாம் பார்க்க ஒரே மாதிரி வட்டத் தட்டுதான், ஆனால் உள்ளே நான்கு விதம். முதலாவது, கடையில் வாங்கிய ஆடியோ சிடி. கர்நாடகக் கச்சேரிகள் இரண்டு தட்டுத் தொகுப்பாகவும், திரைப்பாடல்கள் ஒரு தட்டில் இரண்டு படமாகவும் இருந்தன. இரண்டாவது, நூறு நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்பி3 சிடி. மூன்றாவது, வீட்டிலும் தெருமுனைக் கடையிலும் எழுதிய சிடி-ஆர். வானொலிக் கச்சேரிகள், கேசட்டிலிருந்து மாற்றியவை, குடும்பக் கல்யாணத்தில் நடந்த கச்சேரி எல்லாம் இந்த வகை. நான்காவதான விசிடியை, அதாவது படம் பார்க்கும் தட்டை, ஒதுக்கி வைத்துவிட்டோம்.

வரிசையைத் தீர்மானித்தது இந்தப் பிரிப்புதான். சிடி-ஆரில் இசை பதிவாகியிருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். மேலே ஒட்டிய காகித லேபிள் உரிந்தால் பளபளப்புப் படலத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அதைவிட முக்கியம், அவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. கடைத் தட்டு போனால் இன்னொன்று தேடலாம், கல்யாணக் கச்சேரியைத் தேட முடியாது. அதனால் சிடி-ஆர்தான் முதலில்.

எம்பி3 சிடிக்களில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அவை சாதாரணக் கோப்புகள் உள்ள தட்டுகள், அப்படியே நகலெடுத்தால் போதும். அவற்றை ஃபிளாக் என்ற, ஒலி குறையாத வடிவத்துக்கு மாற்றுவதில் எந்தப் பயனும் இல்லை. எம்பி3 ஆகச் சுருக்கும்போது தொலைந்த ஒலி திரும்பாது, இடம்தான் அடைபடும்.

கணினியும் டிரைவுகளும்

புதுக் கணினி தேவைப்படவில்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய மேசைக் கணினி ஒன்று வீட்டிலேயே கிடந்தது. முன்பக்கம் சிடி டிரைவ் பொருத்தும் 5.25 அங்குல அறைகள் நான்கு, மதர்போர்டில் டிரைவுகளை இணைக்கும் சாட்டா போர்ட் ஆறு. இந்த இரண்டும்தான் நான் தேடியவை, இப்போதைய கேபினட்டுகளில் முன்பக்க அறை கிடைப்பதே அரிது. நான்கு டிவிடி ரைட்டர்களைச் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பழையதாக வாங்கினோம். வேண்டுமென்றே வெவ்வேறு கம்பெனித் தயாரிப்பாகப் பார்த்து எடுத்தேன். ஒரு டிரைவ் திணறும் கீறலை இன்னொன்று சுலபமாகப் படித்துவிடும் என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் அறிந்தது.

யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவுகளைத் தவிர்த்தேன். சுழலத் தொடங்கும் கணத்தில் அவை இழுக்கிற மின்சாரத்தை எல்லா போர்ட்டும் தராது. நான்கைச் சேர்த்து மாட்டினால் நடுவில் ஒன்று காணாமல் போகும். மின் இணைப்பைப் பிரிக்கும் கேபிள்களில் வார்ப்பு பிளாஸ்டிக் தலை உள்ள மலிவு ரகத்தை வாங்காதீர்கள், அவை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. கம்பிகளை அழுத்திப் பொருத்திய ரகம் சில ரூபாய்தான் கூடுதல்.

தட்டிலிருந்து படித்தெடுக்கும் இசை முதலில், சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியில் விழும்படி வைத்தோம். பாட்டு கேட்கும் வேகத்தைப் போல 48 மடங்கு வேகத்தில் ஒரு சிடி நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றுகிறது. லேபிள் ஒட்டிய, எடை சமமில்லாத தட்டு ஒன்று உள்ளே போனால் கேபினட்டே அதிரும். அந்த அதிர்வில் ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். நடுத் துளையருகே விரிசல் விட்ட தட்டு முழு வேகத்தில் நொறுங்கிப் போகக்கூடும். அப்படிப்பட்டவற்றைக் கையில் எடுத்ததுமே பிரித்து வைத்தோம். எங்கள் கணினியில் ஓடிய லினக்ஸ் இயங்குதளத்தில் தட்டை வெளியே தள்ளும் இஜெக்ட் கட்டளையிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தவும் வழி இருக்கிறது. சந்தேகத்துக்கிடமான தட்டுக்கு 16 மடங்கு வைத்தோம். யுபிஎஸ் கட்டாயம்.

நூறு தட்டுகளை அடுக்கிவிட்டால் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் நிம்பி போன்ற இயந்திரங்களும் உண்டு. நூலகத்துக்கோ வானொலி நிலையத்துக்கோ சரி. ஒரு வீட்டுச் சேகரிப்புக்கு நான்கு டிரைவும் பக்கத்தில் உட்கார ஒரு ஆளும் போதும், ஏனென்றால் உறையைப் படமெடுக்க எப்படியும் ஆள் வேண்டும்.

சரியாகப் படித்தது என்று எப்படித் தெரியும்

சிடியைக் கணினியில் போட்டு நகலெடுக்க என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் உண்டு. ஆடியோ சிடி என்பது பிலிப்ஸும் சோனியும் 1980ல் வகுத்த தரம். விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு ஒலி வரிசை. ஒரு விநாடி இசை 75 துண்டுகளாகத் தட்டில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் 2,352 பைட், அவ்வளவும் இசையே. கோப்புகள் உள்ள தட்டில் அதே துண்டில் 2,048 பைட் மட்டும் தகவல், மீதியில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு. அந்தக் கூடுதல் பாதுகாப்பு இசைத் தட்டுக்கு இல்லை. தட்டின் அடிப்படைப் பிழைதிருத்தம் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறல் வரை முழுதாகச் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் டிரைவ் தானாக ஒரு மதிப்பை ஊகித்து நிரப்பிவிடும், நம்மிடம் ஒன்றும் சொல்லாது. சில இடத்தில் 'டிக்' என்று கேட்கும், சில இடத்தில் கேட்கவே கேட்காது.

இதைப் பிடிக்க இரண்டு வழி. ஒன்று அக்யூரேட்ரிப் தரவுத்தளம்: உலகில் வேறு யாராவது அதே தட்டைப் படித்திருந்தால் அவர்களுடைய கூட்டெண்ணும் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) நம்முடையதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போனால் கவலை இல்லை. ஆனால் நம்மூர்க் கர்நாடக, திரையிசை வெளியீடுகளில் பெரும்பாலானவை அதில் இல்லை. அதனால் இரண்டாம் வழிதான் எங்களுக்கு முதல் வழி ஆயிற்று: ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை படித்து, இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒன்றுதானா என்று ஒப்பிடுவது.

லினக்ஸில் விப்பர் என்ற இலவச மென்பொருள் இதைத் தானே செய்கிறது. விண்டோஸில் இருப்பவர்களுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி இருக்கிறது. பல டிரைவுகளை ஒரே நேரத்தில் ஓட்ட டிபிபவர்ஆம்ப் விலைக்குக் கிடைக்கிறது. நான் விப்பரை எடுத்ததற்குக் காரணம், அதைச் சுற்றி நமக்கு வேண்டியபடி ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுத முடிவதுதான். இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சிடி-ஆரை அது தானாகப் படிக்காது, படிக்கச் சொல்லித் தனியாக விருப்பம் கொடுக்க வேண்டும். தட்டின் பெயர் தேடும் மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளத்தில் இல்லாத தட்டுக்கும் அப்படியே.

அப்புறம் ஆஃப்செட். ஒவ்வொரு மாடல் டிரைவும் இசையைச் சில மாதிரிகள் முன்னே பின்னே தள்ளிப் படிக்கும். சிலவற்றில் 6, சிலவற்றில் 30, சிலவற்றில் 667. காதுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் இரண்டு டிரைவில் படித்த ஒரே பாட்டின் கூட்டெண் மாறிவிடும். நாங்கள் வெவ்வேறு டிரைவுகளை வேண்டுமென்றே கலந்திருந்ததால் இதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்கே போக முடியாது. அக்யூரேட்ரிப்பில் இருக்கும் என்பதால், லட்சக்கணக்கில் விற்ற ஓர் ஆங்கில சிடியை ஒவ்வொரு டிரைவிலும் போட்டு விப்பரையே ஆஃப்செட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னோம். டிரைவின் எண் கணினியை மறுபடி தொடங்கும்போது மாறக்கூடும் என்பதால், எந்தப் போர்ட்டில் மாட்டியிருக்கிறது என்பதை வைத்தே ஸ்கிரிப்ட் டிரைவை அடையாளம் காணும்படி எழுதினேன்.

சேமிக்கும் வடிவம் ஃபிளாக். இசையில் ஒரு பிட்கூடக் குறையாமல் இடத்தை ஏறக்குறைய பாதியாக்குகிறது. உள்ளேயே ஒலியின் கூட்டெண்ணை வைத்திருப்பதால் பத்து ஆண்டு கழித்தும் கோப்பு கெடவில்லை என்று சோதிக்கலாம். கர்நாடக இசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கச்சேரித் தட்டில் ஆலாபனை ஒரு தடம், கிருதி ஒரு தடம், தனி ஆவர்த்தனம் ஒரு தடம் என்று பிரித்திருப்பார்கள், ஆனால் ஒலி நடுவில் நிற்பதில்லை. எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் சேர்ந்துவிடும். நிரவலிலிருந்து ஸ்வரத்துக்குப் போகிற இடத்தில் தம்புரா ஒரு கணம் அறுந்து சேரும். அதைக் கேட்டுக்கொண்டு ஒருவரால் கச்சேரியில் இருக்க முடியாது.

ஒரு தட்டின் பயணம்

முதலில் ஒவ்வொரு பெட்டியின் மேலும் எண் அச்சிட்ட பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டினோம், தட்டின் மேல் ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு தட்டுத் தொகுப்பு என்றால் 0417-1, 0417-2 என்று இரண்டு ஸ்டிக்கர். பில் போடும் கடைகளில் இருக்கிற சாதாரண பார்கோடு ரீடர் ஒன்றைக் கணினியில் செருகினோம். கணினியைப் பொறுத்தவரை அது ஒரு கீபோர்டுதான்.

பெட்டியை ரீடரிடம் காட்டியதும் காலியாக இருக்கிற ஒரு டிரைவ் தானே திறக்கும். தட்டை வைத்து மூடினால் வேலை தொடங்கிவிடும். எந்த எண் எந்த டிரைவில் போனது என்று ஆள் நினைவில் வைக்க வேண்டியதில்லை, குழப்பத்துக்கு இடமே இல்லை. தட்டு சுற்றுகிற நேரத்தில் உறை, உள்ளட்டை, பின்னட்டை, தட்டின் முகம் எல்லாவற்றையும் ஒரு ஸ்டாண்டில் பொருத்திய மொபைலில் படமெடுத்து அதே எண்ணில் போடுவோம். படித்து முடித்து இரண்டு முறையும் ஒத்திருந்தால் டிரைவ் தட்டை வெளியே தள்ளும். ஒத்துப்போகவில்லை என்றால் வேறு ஒலி எழுப்பி, அந்த எண்ணைத் தனிப் பட்டியலில் சேர்க்கும்.

நல்ல தட்டு ஒன்றுக்கு இரண்டு முறை படிக்கக் கால் மணி நேரம் போல ஆகிறது. நான்கு டிரைவும் ஓடினால் நாலைந்து நிமிடத்துக்கு ஒரு தட்டு வெளியே வரும். ஓர் உறையைப் பிரித்துப் படமெடுத்து மூடவும் அதே நேரம்தான். அதனால்தான் ஐந்தாவது டிரைவ் சேர்க்கவில்லை, சேர்த்திருந்தால் அது திறந்தபடி காத்திருக்கும்.

ஒவ்வொரு எண்ணின் கோப்புறையிலும் இசை, படிப்புப் பதிவு, உறைப் படங்கள், தட்டின் உள்ளடக்க அட்டவணை ஆகிய நான்கும் இருக்கும். அந்த அட்டவணையை விட்டுவிடாதீர்கள். மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தில் தட்டை அடையாளம் காணும் எண், தடங்கள் எங்கே தொடங்குகின்றன என்ற கணக்கிலிருந்தே உருவாகிறது. அட்டவணை கையில் இருந்தால் தட்டு இல்லாமலே, எப்போது வேண்டுமானாலும், பெயர் தேடிக்கொள்ளலாம்.

மல்லுக்கட்டிய தட்டுகள்

தனிப் பட்டியலுக்கு வந்தவற்றை ஒரு நாள் ஒதுக்கி எடுத்தோம். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பஞ்சுத் துணி. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக விழும், அதைத்தான் டிரைவால் தாண்ட முடியாது. கைரேகையும் பூஞ்சையும் ஏராளமான தட்டுகளில் இதிலேயே போய்விட்டன. போகாதவற்றை வேறு டிரைவில் போட்டோம். அப்புறம் குறைந்த வேகத்தில். பேஸ்ட் தேய்ப்பது, மெருகேற்றும் திரவம் பூசுவது எல்லாம் கிடைத்த வரையில் படித்துச் சேமித்த பிறகுதான்.

பலரும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். அங்கே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. எழுத்து அச்சான மேல்பக்கத்தில் பளபளப்புப் படலத்துக்கு மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான். பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதிய சிடி-ஆர்கள் அந்த எழுத்து இருக்கிற இடத்தில்தான் போயிருந்தன. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் எழுத்தின் வடிவத்திலேயே ஒளி ஊடுருவி வருவது தெரிந்தது.

பெயர்

எல்லாத் தட்டும் உள்ளே வந்தபின் பெரியவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஆயிரக்கணக்கான தடங்களுக்குப் பெயர் வைக்கும் வேலை அது. இணையத் தரவுத்தளத்தில் கிடைத்தவை கொஞ்சம்தான், அவையும் ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதம். எல்லாமே தமிழில் வேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தார்.

கோப்பின் பெயரைத் தமிழில் வைக்கலாம் என்றுதான் தோன்றும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கோ' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறி, 6 பைட். பல்லவியின் முதல் வரி, ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர் என்று அடுக்கினால் 85 குறியில் நின்றுவிடும். ஆகவே கோப்புப் பெயர் வெறும் எண்: 0417-1-03. பெயரெல்லாம் கோப்புக்குள் இருக்கும் குறிப்புகளில். ஃபிளாக்கில் நமக்கு வேண்டிய புலத்தை (குறிப்பின் தலைப்பை) நாமே உருவாக்கலாம். புலத்தின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், உள்ளடக்கம் தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும். ஒரே புலத்தைப் பல முறை கொடுக்கலாம் என்பது ராகமாலிகைக்கு மிகவும் கைகொடுத்தது: ராகம் என்ற புலம் நான்கு முறை, நான்கு ராகம்.

தேடும்போதுதான் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. ஸ்ரீ ராகத்தில் அமைந்த 'எந்தரோ மஹானுபாவுலு' யார் யார் பாடியது என்று தேடினால் பாதிதான் வந்தது. காரணம் 'ஸ்ரீ' என்ற எழுத்து. யூனிகோடில் அதை ஸகரத்திலிருந்தும் உருவாக்கலாம், 2005ல் சேர்க்கப்பட்ட வடமொழி ஶகரத்திலிருந்தும் உருவாக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. பெரியவரின் மொபைல் கீபோர்டு ஒன்றைத் தந்தது, கணினி கீபோர்டு மற்றதைத் தந்தது. கௌளை, கௌரிமனோகரி இரண்டுக்கும் இதே கதைதான்: சிலர் ஔகாரக் குறி போடுகிறார்கள், சிலர் ஒற்றைக்கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டுகிறார்கள். எல்லாப் பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறு ஸ்கிரிப்ட் எழுதி, பதியும்போதும் தேடும்போதும் அது ஓடும்படி வைத்தபின் தீர்ந்தது. தமிழில் பட்டியல் தயாரிக்கும் யாரும் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

எழுத்து ஒன்றானாலும் வழக்கு பல. ஹரிகாம்போஜி, அரிகாம்போதி. மத்யமாவதி, மத்தியமாவதி. செம்மங்குடி சீனிவாச அய்யர், ஸ்ரீனிவாச ஐயர். ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் ராகத்துக்கு ஒரு பக்கம், கலைஞர்களுக்கு ஒரு பக்கம், இயற்றியவர்களுக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் பெரியவர் தேர்ந்த முதன்மை வடிவம், பக்கத்தில் மற்ற வடிவங்கள். தட்டச்சு செய்வதைத் தவிர்த்து, அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது மட்டும்தான். மேளகர்த்தா (தாய் ராக) எண்ணுக்கு ஒரு பத்தி சேர்க்கச் சொன்னது அவர்தான். 22 என்று கொடுத்தால் கரகரப்ரியாவும் அதிலிருந்து பிறந்த ஜன்ய ராகங்களும் வந்து நிற்கின்றன. அவர் அடிக்கடி பயன்படுத்துவது இதைத்தான்.

திரையிசைக்கு வேறு விதி. ஒரு தட்டில் இரண்டு படம் என்றால் அதை இரண்டு ஆல்பமாகப் பிரித்தோம், ஆனால் தட்டின் எண் இரண்டிலும் இருக்கும். படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள் என்ற வரிசையில்தான் நம்மவர்கள் தேடுகிறார்கள். வெளிநாட்டு மென்பொருள் கேட்கிற 'ஆர்ட்டிஸ்ட்' என்ற ஒற்றைக் கட்டத்தில் யாரைப் போடுவது என்ற தகராறு வேண்டாம் என்று அங்கே இசையமைப்பாளரை வைத்துவிட்டு மற்றவர்களுக்குத் தனிப் புலம் கொடுத்தோம்.

எம்பி3 தட்டுகளில் சிலவற்றின் பெயர்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு முறைகளில் இருந்தன. பாமினி முறையில் எழுதியதைச் சாதாரண மென்பொருள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு, அவற்றில் போட்டு எடுத்தோம்.

சேமிப்பும் மிச்ச வேலையும்

ஒரு முழுத் தட்டு ஃபிளாக்கில் 300 முதல் 400 எம்பி. மொத்தமும் அரை டிபிக்குள் அடங்கிவிட்டது. வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், அதன் நகல் இன்னொன்று, மூன்றாவது வேறு ஊரில் மகள் வீட்டில். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கோப்பையும் சோதிக்கும் கட்டளை ஒன்றைக் காலண்டரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கேட்பதற்கு வீட்டுக்குள்ளேயே நேவிட்ரோம் என்ற இசை சர்வர் ஓடுகிறது, பெரியவர் மொபைலில் கேட்கிறார்.

சட்டம் பற்றியும் பேசினோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அதனால் தொகுப்பு வீட்டைத் தாண்டவில்லை, சிடிக்களும் பெட்டியில் அடுக்கியபடி வீட்டிலேயே இருக்கின்றன. நண்பர்கள் பென்டிரைவோடு வந்தபோது பெரியவர் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

கடைசிவரை படிக்காத தட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றில் எந்தத் தடத்தில் எந்த விநாடி போனது என்பது விப்பரின் பதிவை வைத்தும் கேட்டுப் பார்த்தும் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. கடை வெளியீடுகளுக்கு மாற்றுப் பிரதியை மூர் மார்க்கெட் பக்கம் பழைய கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் எழுதிய சிடி-ஆர்கள் சிலவற்றின் மூலக் கேசட்டுகள் பரணில் அகப்பட்டன. ரப்பர் பெல்ட் மாற்றிய ஒரு கேசட் டெக் வந்து சேர்ந்திருக்கிறது, நாடாவைப் படிக்கும் அதன் ஹெட்டைச் சுத்தம் செய்து கோணத்தைச் சரிபார்த்ததும் கல்யாணக் கச்சேரியிலிருந்து தொடங்குவதாக ஏற்பாடு.